சின்ன ஃபிளாட்டில் ஒரு வாரத்து இட்லி மாவு

நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்ற கணக்கில் தப்பே இல்லை. எந்த டம்ளர் என்பதில்தான் சிக்கல். ஆறேழு பேர் சாப்பிடும் வீட்டின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுக்குக் குடிவந்தால், பொங்கிய மாவுக்குப் பாத்திரம் இருக்காது. பாத்திரம் இருந்தால் ஃப்ரிட்ஜில் இடம் இருக்காது. நாலாம் நாள் புளித்துப்போய்ப் பாதியைக் கொட்ட வேண்டி வரும். அதனால் கணக்கை அரிசி டப்பாவில் தொடங்காமல், ஃப்ரிட்ஜில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில் தொடங்குவது நல்லது.

இரண்டு பேர், வாரத்தில் நாலைந்து வேளை இட்லியோ தோசையோ என்றால் 600 கிராம் இட்லி அரிசியும் 150 கிராம் உளுந்தும் போதும். அரைத்து முடித்தால் ஏறக்குறைய 1.8 கிலோ மாவு வரும். இட்லியாகவே ஊற்றினால் 35 இட்லிக்குக் குறையாது. பொங்கும்போது இதே மாவு மூன்று லிட்டரைத் தாண்டும் என்பதால் நாலு லிட்டர் பாத்திரம் ஒன்று, அல்லது இரண்டு லிட்டர் பாத்திரம் இரண்டு வேண்டும். இரண்டு சின்னப் பாத்திரமே மேல். ஏன் என்பது மாவைப் புளிக்க வைக்கும் இடத்தில் வரும்.

வாரத்துக்கு ஒரு வேளைதான் இட்லி என்றால் இந்த வேலையே வேண்டாம். கடை மாவு பாக்கெட் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உளுந்தும் அரிசியும்

இட்லி மெத்தென்று வருவதில் பெரும்பங்கு உளுந்துடையது. அரைபடும்போது காற்றைப் பிடித்து நுரையாக நிறுத்தி வைப்பது உளுந்தின் பசை. மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்யும் பாக்டீரியாக்களும் (முக்கியமாக லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ்) பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகின்றன. ஈஸ்ட், சோடா உப்பு எதுவும் தேவைப்படாததற்கு இதுவே காரணம்.

தோல் நீக்கிய முழு உளுந்தாக வாங்குங்கள். உடைத்த உளுந்தில் இந்த அளவு பொங்காது. பாக்கெட்டைத் திருப்பிப் பேக்கிங் தேதியையும் பார்த்துவிடுங்கள். பழைய உளுந்து வெண்மை மங்கி மஞ்சளடித்திருக்கும். அதைவிட நம்பகமான அடையாளம் அரைக்கும்போது தெரியும்: புது உளுந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், பழசு தண்ணீரே கேட்காது. கையில் இருப்பது பழசுதான் என்றால் 150 கிராமுக்குப் பதில் 180 கிராம் போட்டுச் சமாளிக்கலாம். சின்ன வீட்டில் உளுந்தைக் கிலோக்கணக்கில் வாங்கி வைப்பதே இந்தத் தொல்லைக்குக் காரணம்; அரைக் கிலோவாக வாங்கினால் மூன்று முறைக்கு வரும், பழசாகவும் நேரமிருக்காது.

அரிசி குண்டு இட்லி அரிசியாக இருக்கட்டும். ரேஷன் கடைப் புழுங்கல் அரிசியிலும் இட்லி நன்றாகவே வரும், ஆனால் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவ வேண்டும். பச்சரிசி மட்டும் போட்டால் தோசை முறுகும், இட்லி கல்லாகும். வெந்தயம் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் போனால் கசப்பும் மஞ்சள் நிறமும் தட்டும்.

கழுவுவதெல்லாம் ஊற வைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஊறிய பிறகு உளுந்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் பசையும் போகும், புளிக்க வைக்கும் பாக்டீரியாவில் ஒரு பகுதியும் சாக்கடைக்குப் போகும். அரிசியும் வெந்தயமும் நாலிலிருந்து ஐந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு இரண்டு மணி நேரம் போதும். காலையில் ஊற வைத்துவிட்டு ஆபீஸ் போய், சாயங்காலம் வந்து அரைப்பவர்கள் இரண்டையும் ஃப்ரிட்ஜுக்குள் ஊற வைக்கலாம். சித்திரை வெயிலில் பத்து மணி நேரம் மேடையில் கிடந்த உளுந்து அரைக்கும் முன்பே வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

அரைப்பது

இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இந்த அளவுக்குச் சரி. உளுந்து 100 கிராமுக்குக் கீழே போனால் குழவிக்கல்லில் சிக்காமல் டிரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். ‘ரொம்பக் கொஞ்சமாக அரைத்தேன், சரியாகவே வரவில்லை’ என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். கிரைண்டர் பத்து கிலோவைத் தாண்டும் கனம்; பரணில் ஏற்றி வைத்தால் பிறகு இறக்கவே மாட்டீர்கள். மேடையில் சிங்க்குக்கு எதிர்மூலையில் நிரந்தரமாக ஒரு இடம் கொடுங்கள். அடியில் ரப்பர் மேட் போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு குறையும். பழைய துண்டை மடித்து வைப்பவர்கள் உண்டு, அது வேண்டாம்: மோட்டாருக்குக் காற்று போகும் துளைகள் பல மாடல்களில் அடியில்தான் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குள் அரைத்து முடிப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் மரியாதை.

முதலில் உளுந்து. ஃப்ரிட்ஜ் தண்ணீர் 300 மில்லி தனியாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரை ஓடவிட்டு, 100 மில்லி ஊற்றி, உளுந்தை மெதுவாகப் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கடகடவென்று சத்தம் வரும், பிறகு அடங்கும். அதன்பின் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும். மொத்தத்தையும் முதலிலேயே ஊற்றினால் கல்லுக்கடியில் உளுந்து வழுக்கும். அரைபடாது, நுரைக்கவும் செய்யாது. இடையிடையே ஓரத்தில் ஒட்டியதை ரப்பர் கரண்டியால் வழித்துவிடுங்கள். பத்தாவது நிமிடம் பார்த்தால் மாவு வழவழப்பாகி ‘ஆயிற்று’ போலத் தெரியும். ஆகவில்லை. இருபதுக்கு மேல்தான் அளவில் பெருகி, வெளுத்து, குழவியின் பின்னால் மடிப்பு மடிப்பாக எழும்பும். ஒரு கிண்ணத் தண்ணீரில் துளி மாவை விட்டுப் பாருங்கள். மிதந்தால் எடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். 25லிருந்து 30 நிமிடத்தில் முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் ஓட விட்டால் மாவு சூடேறிப் பிடித்த காற்றையெல்லாம் விட்டுவிடும்.

உளுந்தை வழித்தெடுத்த டிரம்மைக் கழுவாமலே அரிசியைப் போடலாம். இதற்கு ஏறக்குறைய 350 மில்லி தண்ணீர், 15லிருந்து 20 நிமிடம். விரலுக்கிடையில் தேய்த்தால் சன்ன ரவைபோல நறநறக்க வேண்டும். வெண்ணெயாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். கொரகொரப்பு அதிகமானால் தோசை ஓட்டை ஓட்டையாகக் கிழியும். ஒரே மாவில் இட்லியும் தோசையும் வேண்டும் என்பதால் இந்த நடுப்பதம்.

கிரைண்டர் வைக்க இடமே இல்லை, மிக்ஸிதான் என்பவர்கள் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்: 450 கிராம் அரிசிக்கு 150 கிராம் உளுந்து, அரிசியோடு ஊற ஒரு கைப்பிடி அவல். மிக்ஸியின் பிளேடு நறுக்குமே தவிரக் கல்லைப்போல நசுக்காது. அதில் குறையும் மென்மையைக் கூடுதல் உளுந்தும் அவலும் ஓரளவு ஈடுகட்டும். ஐஸ் தண்ணீர் கட்டாயம். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அரை நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரைக்கவும். நடுவில் மிக்ஸி நின்றுபோனால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் ஆறப் பத்து நிமிடம் விட்டு, ஜாரில் கொஞ்சம் மாவைக் குறைத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும்.

உப்பு, கரைப்பது, பொங்குவது

மொத்த மாவுக்கும் 18 கிராம் உப்பு, அதாவது கல் உப்பு ஒரு டேபிள்ஸ்பூன் தாராளமாக. தூள் உப்பு அதே ஸ்பூனில் கூடுதலாக நிற்கும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பார்கள். கரண்டியால் கரைத்தாலும் பொங்கும். உளுந்தும் அரிசியும் அடிவரை ஒன்றாகக் கலந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கை வைத்தால் அது தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். கரைத்த மாவு கரண்டியிலிருந்து தடித்த நாடாவாக விழ வேண்டும். நீர்போல ஓடினால் நுரை நிற்காது. அதற்குப் பின் எவ்வளவு நேரம் வைத்தாலும் இட்லி தட்டைதான்.

இப்போது மாவை இரண்டு பாத்திரத்தில் சரிபாதியாக ஊற்றுங்கள், எதிலும் பாதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அடியில் விளிம்புள்ள ஒரு தட்டு. மூடியை அழுத்தி மூடாமல் மேலே வைத்தால் போதும்.

எட்டு மணி நேரம் என்று எழுதி வைத்துக்கொண்டு அதையே பிடித்துத் தொங்கினால் ஆண்டில் பாதி நாள் தப்பாகும். 28லிருந்து 32 டிகிரி இருக்கும் சாதாரணச் சென்னை இரவில் எட்டு மணி நேரம் சரி. கத்திரி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி முடிந்து, விடிவதற்குள் புளித்தும் விடும். மார்கழிப் பெங்களூரில் 15 மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. சூடு ஏற ஏற மாவைப் பொங்க வைக்கும் வேலையைப் புளிக்க வைக்கும் வேலை முந்திவிடும். உயரம் அதே, புளிப்பு மட்டும் இரட்டிப்பு. ஆகவே கோடையில் இரவு ஒன்பதுக்கு அரைத்து முடித்துக் காலை நாலுக்கு எழுவது ஒரு வழி. இரவு ஏழு மணிக்கே அரைத்து, மூன்று மணி நேரம் வெளியே விட்டு, படுக்கும் முன் ஒரு பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது அதைவிட நல்ல வழி. மீதிப் புளிப்பு அதற்குள்ளேயே மெதுவாக ஏறிக்கொள்ளும். இரண்டு பாத்திரம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்: ஒன்று நாளைய இட்லிக்கு முழுதாகப் பொங்கட்டும், இன்னொன்று வாரக் கடைசிக்காகக் கொஞ்சம் முன்னதாகவே நின்றுகொள்ளட்டும்.

குளிர் நாளில் உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாத்திரத்தை மூடிய மைக்ரோவேவ் அவனுக்குள் ஒரு டம்ளர் கொதிநீரோடு வைக்கலாம் (அவனை ஓட்டக் கூடாது, அது வெறும் பெட்டிதான் இப்போது). தண்ணீர் ஆறியதும் மாற்றிக்கொண்டால் போதும். ஏ.சி. ஓடும் அறையின் கதவருகே மட்டும் வைக்காதீர்கள். ஒரே அறைதான் வீடு என்றால் ஏ.சி. காற்று படாத மூலையில், அட்டைப் பெட்டிக்குள் போர்வை சுற்றி வைத்தால் தப்பிக்கும்.

பொங்கி முடிந்த மாவின் மேற்பரப்பு மெல்லிய குமிழிகளோடு குவிந்திருக்கும், கரண்டி விட்டால் உள்ளே தேன்கூடுபோலத் தெரியும். நடு அமுங்கிக் குழிந்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது. அது தோசைக்கு.

முதல் நாள் இட்லி

பொங்கிய மாவைக் கலக்காதீர்கள் (குளிர் நாளில் உப்பைப் பின்னால் போட்டிருந்தால் மட்டும் மெதுவாக ஒரு புரட்டு). ஓரத்திலிருந்து கரண்டியை இறக்கி அப்படியே அள்ளித் தட்டில் ஊற்றுங்கள், குழியில் முக்கால் அளவு. இட்லிப் பானையில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், அடித்தட்டைத் தொடாமல். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை வைக்க வேண்டும். ஆறின தண்ணீரில் வைத்து அடுப்பைப் பற்றவைத்தால், ஆவி வருவதற்குள் மாவு பரந்து அமுங்கிவிடும். தனிப் பானைக்கு இடமில்லாதவர்கள் ஐந்து லிட்டர் குக்கரில் இட்லி ஸ்டாண்ட் வைக்கலாம், வெயிட் போடாமல். 10லிருந்து 12 நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. வெளியே எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட்டு, துணித் தட்டு என்றால் கவிழ்த்துத் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரியுங்கள்.

மேல் தட்டு இட்லியில் மட்டும் நீர் கோத்துச் சொதசொதப்பாக இருந்தால் மாவில் குறை இல்லை. மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர்தான். மூடியின் உட்புறம் ஒரு பருத்தித் துணியை இழுத்துக் கட்டினால் நின்றுவிடும். எல்லாத் தட்டுமே ரப்பர்போல இழுத்தால் அரிசி மையாக அரைபட்டிருக்கிறது, அல்லது கால் மணிக்கு மேல் வெந்திருக்கிறது.

ஃப்ரிட்ஜில் ஆறு நாள்

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டுதான் அதிகம் குளிரும், மாவுக்கு அதுவே இடம். கதவில் வைத்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு ஏறும். உருண்டைத் தூக்கை விடச் சதுர டப்பா இடத்தை மிச்சப்படுத்தும். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். குளிரிலும் முதல் நாள் மாவு எழும்பும், நிரப்பி மூடினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். மொத்த டப்பாவையும் வெளியே எடுத்து வைத்து, மீதியைத் திரும்ப உள்ளே வைப்பதுதான் மாவைச் சீக்கிரம் புளிக்க வைக்கும் பழக்கம். வேண்டியதை மட்டும் ஈரமில்லாத கரண்டியால் கிண்ணத்துக்கு எடுத்து, உடனே மூடி வையுங்கள்.

முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றும் நாலும் தோசை, ஐந்தாம் நாள் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பம், மிச்சம் மீதியில் குழிப்பணியாரம். புளிப்பு ஏறிய மாவை மட்டுப்படுத்த, எடுத்து வைத்த இரண்டு கரண்டிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து பத்து நிமிடம் விடலாம். சர்க்கரை போட்டால் நிறம்தான் வரும், புளிப்பு போகாது. மேலே இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தால், அல்லது புளிப்பு வாசனை மாறி நாற்றமாகிவிட்டால் முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். மேற்பகுதியை வழித்துவிட்டு அடியைச் சாப்பிடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

தோசைக்கு மாவு அரை மணி முன்பே வெளியே வரட்டும். இரும்புக் கல்லில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: சுர்ரென்று உடனே வற்றினால் சரியான சூடு, முத்துமுத்தாக உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. மிஞ்சிய சூட்டில் மாவை விட்டால் கரண்டியோடு சுருண்டு வரும். அப்போது அடுப்பைக் குறைத்துத் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒரு தேய் தேய்த்துவிட்டு அடுத்ததை ஊற்றவும். முதல் தோசை ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் கல் இன்னும் காயாததால். வாடகை வீட்டில் இன்டக்‌ஷன்தான் என்றால் அடி சமமான கல்லாகப் பார்த்து வாங்கி, 800 வாட்டில் ஐந்து நிமிடம் நிதானமாகச் சூடேற்றுங்கள். எடுத்த எடுப்பில் 2000 வாட் வைத்தால் மெல்லிய கல் நடுவில் புடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எண்ணெயும் மாவும் ஓரத்துக்கே ஓடும். இன்டக்‌ஷனின் சுருள் கல்லைவிடச் சின்னது என்பதால் ஓரம் வெளுத்துத்தான் நிற்கும், தோசையைச் சின்னதாக ஊற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

கழுவுவது

ஃபிளாட் சிங்க்கின் குழாய் மெல்லியது, மாவு அதில் படிந்து அடைப்பது நிச்சயம். டிரம்மையும் கல்லையும் ரப்பர் கரண்டியால் சுத்தமாக வழித்துவிட்டு, முதல் 50 மில்லி கழுவிய தண்ணீரை மாவிலேயே சேர்த்துவிடுங்கள். அரிசி அரைக்கும்போது அந்த அளவைக் குறைத்துக்கொண்டால் மாவு இளகாது. அடுத்த தண்ணீர் சிங்க்குக்குப் போகலாம். வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள்: மாவு அங்கேயே வெந்து கூழாகி, கல்லின் கொத்துக்குள்ளும் குழாயின் வளைவுக்குள்ளும் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரும் நார்ப் பிரஷும் போதும். குழவியின் நடு அச்சில் மாவு தங்கினால் மறுமுறை அரைக்கும்போது பழைய புளிப்பு வாடை வரும், அதைத் தனியாகக் கழற்றிக் கழுவி, இரவு முழுக்கத் திறந்தபடி உலர விடுங்கள். மூடி போட்டு மூடுவது மறுநாள் காலையில்தான்.